இருபத்தொன்பதாவது ஓட்டு

செனாவாங்
3 மார்ச் 2024

செயலாளர் அவர்கள்,
பெரியபாலத் தோட்டம் மாரியம்மன் ஆலயச் சங்கம், கெமாஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

விண்ணப்பங்கள் கடித வழியாக மட்டுமே ஏற்கப்படும் என்று ஆலய அறிவிப்புப் பலகையில் போட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரோகினி. வயது முப்பத்திரண்டு. செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். நம் தோட்டத்து மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காளிமுத்துவின் ஒரே மகள். என் அம்மா மயிலம்மாள் இருபத்திரண்டு வருடமாக ஆலய அன்னதானத்துக்குச் சமைக்கிறார்.

சங்கம் புதிதாகக் கட்டிய குசினியில் தண்ணீர் வெளியேற வழி இல்லை. அடுப்பு அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. தைப்பூசத்தன்று வடித்த கஞ்சி தரையிலேயே தேங்கி அம்மாவின் இரண்டு பாதங்களும் வெந்துவிட்டன. அந்தக் குசினியின் வரைபடத்தில் ஒன்பது ஆண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட அங்கே ஒரு நாள் சமைத்ததில்லை. சமைக்கிற பெண்களை யாரும் கேட்கவும் இல்லை. ஏன் கேட்க வேண்டும், எங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே.

ஆகவே என்னையும் என் அம்மாவையும் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கா. ரோகினி


சி ரூசா, போர்ட்டிக்சன்
14 மார்ச் 2024

குமாரி ரோகினி அவர்களுக்கு,

பொருள்: உறுப்பினர் விண்ணப்பம்

தங்கள் கடிதம் கிடைத்தது. சங்க விதி ஏழின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் குடும்பத் தலைவர் மட்டுமே உறுப்பினராக முடியும். எனவே தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்.

தங்கள் தாயார் விரைவில் நலமடைய வேண்டுகிறேன். வரைபடத்தில் கையெழுத்திட்ட ஒன்பது பேரில் நானும் ஒருவன் என்பதைத் தெரிவிப்பது என் கடமை.

இப்படிக்கு,
வீ. திருச்செல்வம்
கௌரவச் செயலாளர்


செனாவாங்
20 மார்ச் 2024

ஐயா,

கடிதம் வந்தது. தாள் மிக அழகாக இருந்தது. அம்மா அதை விசிறியாக வைத்திருக்கிறார்.

'ஆண் குடும்பத் தலைவர்.' என் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்படியானால் எங்கள் குடும்பத்துக்குத் தலையே இல்லையா? வாடகை கட்டுவது யார், அம்மாவைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்?

இதையே சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பத்தே நிமிடத்தில் தலைவர், அதாவது உங்கள் அப்பா வீரமுத்து ஐயா, என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். நான் எழுதியதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிச் சிரித்தார்கள். இனி உங்கள் சங்கத்தோடு என் பேச்சு தாளில்தான். நீங்களாவது இதைப் படம் பிடிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களிடம் நானூறு ஏக்கர் செம்பனைத் தோட்டம் இருக்கிறது, பன்னிரண்டு லோரி இருக்கிறது, கடலைப் பார்த்த பங்களா இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா கங்காணி. என் கொள்ளுத்தாத்தா அவர் பெயர் கூப்பிட்டால் ஓடிவந்து நின்றவர். அதெல்லாம் பழைய கதை. ஆனால் ஐயா, அடுப்பு நெஞ்சு உயரத்துக்கு இருந்தால் எப்படிச் சமைப்பது என்று ஒரு தரம் போய்ப் பாருங்கள். அதற்கு விதி எதுவும் தடை சொல்லாதே?

ரோகினி


சி ரூசா
7 ஏப்ரல் 2024

குமாரி ரோகினி அவர்களுக்கு,

நேற்று அந்தக் குசினியில் பத்து கிலோ அரிசி வடித்தேன்.

எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆலயக் காவலாளி மணியம் பக்கத்தில் நின்று, "தம்பி, வேணா லா, கால் வெந்துரும்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கால் வேகவில்லை. சப்பாத்து போட்டிருந்தேன். சப்பாத்துதான் போய்விட்டது. சோறும் குழைந்துவிட்டது. தங்கள் தாயார் வெறுங்காலோடு அங்கே முந்நூறு பேருக்குச் சமைத்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வடிகால் வெட்ட ஆள் அனுப்பிவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது வடிகால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏழாம் விதியை மாற்ற வழி உண்டு. உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரிக்க வேண்டும். நாங்கள் நாற்பத்து மூன்று பேர். உங்களுக்கு வேண்டியது இருபத்தொன்பது ஓட்டு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அமிர்தலிங்கம் ஐயாவைப் போய்ப் பாருங்கள். அவர் முன்மொழியத் தயங்க மாட்டார். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையின் இடது மூலையில் இருக்கிறது. கூட்டம் ஜூன் பதினாறு.

தங்கள்,
திருச்செல்வம்


செனாவாங்
8 மே 2024

திரு. திருச்செல்வம் அவர்களுக்கு,

முதலில், நாற்காலிக்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை விதி மாற்றம் பற்றிய விளக்கக் கூட்டத்துக்குப் பெண்கள் நாங்கள் பேச வரவில்லை. கேட்கத்தான் வந்தோம். உங்கள் அப்பா, "பொம்பளைங்க வெளியே நில்லுங்க" என்று சொல்லி மண்டபக் கதவைச் சாத்தியபோது எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. என் மோட்டார்சைக்கிளுக்குப் போடும் சங்கிலியை எடுத்து என் இடுப்பையும் கேட் தூணையும் சேர்த்துச் சுற்றிப் பூட்டிவிட்டேன். சாவியை, அம்மாவோடு சமைக்கும் ரதி அக்கா தன் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே போன நாற்பது பேரும் வெளியே வர வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்!

போலீஸ்காரர் வந்தபோது கொஞ்சம் பயந்தேன். அவர், "அடிக், பாலிக் லா, வெயிலு" என்று பாதி மலாயும் பாதித் தமிழுமாக வீட்டுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினாரே தவிர வேறு எதுவும் செய்யவில்லை. உங்கள் அப்பா சங்கிலி வெட்டும் கத்தரியோடு உங்களை அனுப்பினார். நீங்கள் வந்தீர்கள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலியும் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்தீர்கள். "உட்கார்ந்து போராடுங்க, கால் வலிக்கும்" என்றீர்கள். நாற்பது பேருக்கு முன்னால் அதைச் சொன்னதற்கு உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே மறுநாள் லைனில் மூன்று போர்டைத் தப்பாக அடுக்கினேன்.

இதுவரை பதினேழு பேர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். கெமாஸ் அடுக்குமாடியில் ஆறு, செனாவாங்கில் எட்டு, சி ரூசா கடற்கரைக் கடைகளில் மூன்று. என்னோடு வேலை செய்யும் பெட்ரிசியா என் ஷிப்டைப் பார்த்துக்கொள்கிறாள். "எங்க சர்ச்சில நாங்க ஓட்டு போடுறோம், உங்களுக்கு என்னா கேடு?" என்று தினமும் கேட்கிறாள்.

ரோகினி


சி ரூசா
12 மே 2024

ரோகினி,

பொருள் என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதத்துக்குப் பொருள் எழுத வரவில்லை.

எனக்கு வயது முப்பத்தொன்பது. படிப்பு, அப்பாவின் தோட்டம், லோரி, சங்கம் என்று வருடங்கள் போய்விட்டன. பெண் பார்த்தார்கள். நான்தான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டால் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து வாசலுக்குப் போகிறேன். என் ஆபீஸ் கிராணி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

தூணோடு பூட்டிக்கொண்டு வெயிலில் முகம் சிவந்து, "ஐயா, முதல்ல வயசானவங்களை வெளியே விடுங்க, நான் ஒதுங்கிக்கிறேன்" என்று சொன்னீர்களே, அந்த இடத்தில் முடிவு செய்துவிட்டேன்.

என்னைத் திருமணம் செய்துகொள்வீர்களா? அம்மா இருந்திருந்தால் முறையாக வந்து கேட்டிருப்பார். இப்போது நானே கேட்க வேண்டியிருக்கிறது. இல்லை என்றாலும் சொல்லுங்கள். கடிதம் மட்டும் நின்றுவிட வேண்டாம்.

திருச்செல்வம்


செனாவாங்
19 மே 2024

திருச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது சைரன் அடித்துவிட்டது. ஓடி வந்ததில் தொப்பியைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். பெட்ரிசியா கேட்டாள், "என்னா ரோகினி, லாட்டரி விழுந்துச்சா?"

ஆனால் இப்போது பதில் சொல்ல மாட்டேன். சரி என்றால், பணக்கார மாப்பிள்ளையைப் பிடித்து ஓட்டையும் சீராக வாங்கினாள் என்பார்கள். முடியாது என்றால், உங்கள் மனம் கோணியதால்தான் தீர்மானம் தோற்றது என்பார்கள். என்னோடு அறுபது பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் ஓட்டு என் கல்யாணத்தோடு முடிச்சுப் போட்டு வரக்கூடாது.

கூட்டம் முடியட்டும். பிறகு கேளுங்கள். அதுவரை எழுதுங்கள். தபால்காரரை நானும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இருபத்தாறு பேர்.

ரோகினி


கெமாஸ்
16 ஜூன் 2024, மாலை

செயலாளர் அவர்களுக்கு,

ஆதரவு இருபத்தெட்டு. எதிர்ப்பு பதினான்கு. கை தூக்காதவர் ஒருவர்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமிர்தலிங்கம் ஐயா நடுங்குகிற கையைத் தூக்கினார். எங்களைக் கேலி செய்த சந்திரன்கூடத் தூக்கினார். நீங்கள் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் கை மேசையின் மேலேயே இருந்தது.

ஒரு ஓட்டு. அம்மா, "விடு லா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு குசினிக்குப் போய், தோற்கடித்த பதினான்கு பேருக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார்.

என் பதிலை இனி எதிர்பார்க்க வேண்டாம்.

கா. ரோகினி


சி ரூசா
30 ஜூன் 2024

ரோகினி,

இது நான்காவது முயற்சி. முதல் மூன்று கடிதங்களில் காரணம் சொல்லியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

உங்களைக் கேட்டவன் ஓட்டுப் போடுவது முறையல்ல, ஒதுங்கி இருப்பதுதான் நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தலைவர் நாற்காலியில் அப்பா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முப்பத்தொன்பது வயது, ரோகினி. அப்பாவின் பார்வைக்குக் கை எழவில்லை. அதுதான் நடந்தது.

நேற்றுக் காலைச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். "அப்பா, நான் தப்பு பண்ணிட்டேன். அடுத்த தடவை கை தூக்குவேன்." அவர் தோசையை அப்படியே வைத்துவிட்டார். "அந்தப் பொண்ணுக்காகவா?" என்றார். "ஆமா, அவங்களைக் கட்டிக்கக் கேட்டிருக்கேன். பதில் வரல. இனிமே வராது. ஆனா கை தூக்கப் போறது அதுக்காக இல்ல" என்றேன். "அம்மா படம் மண்டபத்துல மாலையோட தொங்குது. உயிரோட இருந்தப்ப அந்த மண்டபத்துல அவங்களால ஒரு வார்த்தை பேச முடிஞ்சுதா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்திட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். ஒன்பது பேர் வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது. மற்ற எட்டையும் நானே வீடு வீடாகப் போய் வாங்கிவிட்டேன். ஆகஸ்ட் இருபத்து நான்கு, சனிக்கிழமை, மாலை மூன்று மணி.

மன்னிப்புக் கேட்கிறேன். பதில் கேட்கவில்லை.

திருச்செல்வம்


செனாவாங்
9 ஜூலை 2024

திருச்செல்வம்,

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்ட ஆம்பளையை நான் இதுவரை பார்த்ததில்லை. கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை.

ஒரு சிக்கல். அமிர்தலிங்கம் ஐயாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். சனிக்கிழமையும் உண்டு. முடியும்போது இரண்டரை, மூன்று ஆகிவிடுமாம். அவர் இல்லாமல் உங்களையும் சேர்த்தால் இருபத்தெட்டு. ஐயா வந்தால்தான் இருபத்தொன்பது.

ரோகினி


செனாவாங்
25 ஆகஸ்ட் 2024

திருச்செல்வம்!

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவைக் கூட்டிவரச் சொல்லி நீங்கள் மண்டப வாசலில் உங்கள் பெரிய கார்ச் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினீர்கள். எனக்கு மோட்டார்தான் பழக்கம். லைசன்ஸ் எடுத்த பிறகு கார் ஓட்டியதே நான்கு தரம். சிக்னல் என்று நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டு, செம்பனை லோரிக்குப் பின்னால் ஊர்ந்து, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் ஐயா இன்னும் படுக்கையில் இருக்கிறார். மணி இரண்டே முக்கால். தாதி கையில் கட்டுப் போட்டுவிட்டு, பத்து நிமிடமாவது படுத்திருக்க வேண்டும் என்றாள். ஐயா கேட்டாரா? "பாப்பா, நாப்பது வருசம் ரயிலுக்குக் கொடி காட்டினவன் நான். ஒரு நாளும் லேட்டா போனதில்ல, வண்டிய எடு!" என்றார்.

தாதி தலைமேல் கை வைத்தாள். அவள் ஐயாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தலையாட்டும் வரைக்கும் நான் நகரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்து சேர்ந்தபோது மூன்று முப்பத்தைந்து. எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் நின்ற ரதி அக்கா, "ஓடி வா! செயலாளர் இன்னும் படிச்சிக்கிட்டே இருக்காரு!" என்று கத்தினார். உள்ளே என்ன நடந்தது? கேட்டால் ஐயா சிரிக்கிறாரே தவிர சொல்ல மாட்டேன் என்கிறார்.

ரோகினி


சி ரூசா
28 ஆகஸ்ட் 2024

ரோகினி,

உள்ளே நடந்தது இதுதான்.

சரியாக மூன்று மணிக்கு அப்பா, "தீர்மானத்தை எடுத்துக்குவோம்" என்றார். நான் எழுந்து, விதிப்படி முந்தைய கூட்டத்தின் குறிப்பை முதலில் வாசிக்க வேண்டும் என்றேன். பதினொரு பக்கம். வழக்கமாக, 'வாசித்ததாக எடுத்துக்கொள்வோம்' என்று விட்டுவிடுவோம். அன்று நான் ஒரு வரி விடவில்லை. வந்தவர்களின் பெயர்களை இனிஷியலோடு படித்தேன். மின்விசிறி பழுது பற்றிய விவாதத்தை முழுதாகப் படித்தேன். பரிமாறிய பலகாரத்தையும் படித்தேன். பின்வரிசையிலிருந்து, "என்னா லா இது, சீக்கிரம் முடிங்க!" என்று குரல் வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடியும் ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சலிப்பூட்டுகிறவன் என்பதற்குச் சந்தோஷப்பட்டேன்.

பத்தாம் பக்கத்தில் அமிர்தலிங்கம் ஐயா கையில் கட்டோடு உள்ளே வந்தார். நான் பதினோராம் பக்கத்தை மூடிவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அதே பார்வைதான். நான் கை தூக்கினேன். முதல் கை என்னுடையது, ரோகினி. எழுந்து நின்றே தூக்கினேன். இருபத்தொன்பது வரை எண்ணியவர் அப்பாதான். இரண்டு தடவை எண்ணினார். பிறகு, "நிறைவேறியது" என்று அவர் வாயாலேயே சொன்னார். அவர் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் எண்ணிக்கையில் பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம், "பதினோரு பக்கத்தையும் நீயே எழுதினியா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அடுத்த மாதம் நிர்வாகத் தேர்தல். பெண்களும் ஓட்டுப் போடுவார்கள்.

கூட்டம் முடிந்த பிறகு கேளுங்கள் என்று மே மாதம் எழுதியிருந்தீர்கள். பிறகு, எதிர்பார்க்க வேண்டாம் என்றீர்கள். எது செல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மறுபடி கேட்கிறேன்.

திருச்செல்வம்


செனாவாங்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள திருச்செல்வம்,

நேற்று நீங்கள் ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் வரிசையில் நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

காலை ஆறு மணிக்கே அம்மா குளித்துப் பட்டுச்சேலை கட்டிவிட்டார். "தேர்தல்மா, கல்யாணம் இல்ல" என்றேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் கல்யாணத்தக்கூட என்னைக் கேட்டுச் செய்யல. இப்பத்தான் முதல் தடவையா என்னைக் கேக்குறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

அறுபத்து நான்கு பெண்கள் வந்தார்கள். கெமாஸிலிருந்து வாடகை வேன். செனாவாங்கிலிருந்து இருபது மோட்டார். ரதி அக்கா விரலை விரித்து, "மை வைக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். வைக்க மாட்டார்கள் என்றதும் முகம் வாடிப்போய், பெட்ரிசியாவின் நகச்சாயத்தை வாங்கித் தானே ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். பிறகு வரிசையில் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

செயற்குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. உங்கள் அப்பாதான் மறுபடி தலைவர். ஐந்தே ஓட்டு வித்தியாசம். நேற்று முடிவை அறிவித்தபோது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? எண்ணிக்கையில் பொய் சொல்லாதவர் என்று சொல்லிப் பல பெண்கள் அவருக்கே போட்டார்கள்; ஆண்கள் மட்டும் போட்டிருந்தால் தோற்றிருப்பார். அதை அவரும் எண்ணித்தான் பார்த்திருப்பார். மேடையிலிருந்து இறங்கி நேராக அம்மாவிடம் வந்தார். "மயிலம்மா, அந்தக் குசினியை இடிச்சிட்டுக் கட்டணும். எப்படிக் கட்டணும்னு நீங்க சொல்லுங்க" என்றார். அம்மா தன் முழங்கைக்குக் கீழே கையை வைத்து, "அடுப்பு இவ்வளவு உயரம் போதும்" என்றார். அவர் தலைகுனிந்து அதை அளந்துகொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நச்சரித்தேன். "அம்மா, தலைவருக்கு யாருக்குப் போட்டீங்க? அவருக்கா?" மோட்டாரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "உனக்கு எதுக்கு? அது என் ஓட்டு" என்றார். இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். இன்று காலை கேட்டேன். வாயே திறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தோடு அம்மா ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

அம்மா தன் ஓட்டை ரகசியமாகவே வைத்துக்கொள்ளட்டும். என் ஓட்டை நான் கை தூக்கியே போடுகிறேன், திருச்செல்வம். சம்மதம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அம்மாவிடம் முறையாக நீங்கள்தான் கேட்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ரோகினி